பின்னற் குழாய் நூற்பா: மூலமும் விளக்கவுரையும்

மூலம்

கழற்றிய உறுப்பெலாம் கழற்றிய முறைவைத்து
இடம்பெய ராதவற்று இலக்கம் பொறித்துத்
தூசறத் துடைத்து வாயெலாம் மூடிப்
பொறிநிலை கொண்டபின் நூலிட் டளந்து
மடங்கலும் அசைவும் மனங்கொண்டு மிகைவிட்டுச்
சுற்றிக் கட்டிச் செவ்விதின் அறுத்துத்
துகளற ஊதிச் சிம்பகம் அடக்கிக்
குறியிட் டெண்ணெயிட்டு மரைமயங் காமல்
குறிபெய ராமை கண்டனர் முறுக்கிக்
கூம்பொடு கூம்பே அடைப்பெனத் தெளிந்து
தேயாது தீயாது திரியாது யாத்து
நிறைத்து நோக்கி நெய்முன் ஏற்றி
உயிர்ப்பித் தல்லே ஒழுக்கென மொழிப.

உரை

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், பிரித்த கார் எஞ்சினை மீளக் கூட்டுங்கால் அதன் உறுப்புகளைப் பேணுமாறும், எண்ணெயும் எரிபொருளும் கொண்டுசெல்லும் பின்னற் குழாய்களை ஆக்கிப் பொருத்துமாறும் உணர்த்துதல் நுதலிற்று. பின்னற் குழாயாவது, உள்ளே ரப்பரோ டெஃப்லானோ குழலாக அமைய, அதன்மேல் துருவேறா எஃகு இழைகளை நெருங்கப் பின்னி உறையிட்டது. பட்டறையார் பிரெய்டட் ஹோஸ் என்ப. நைலான் இழையால் பின்னியதும் உண்டு. அதற்கும் இந்நூற்பா ஒக்கும்.

வைத்து, பொறித்து, துடைத்து, மூடி எனத் தொடங்கி, ஏற்றி என்னும் எச்சம் ஈறாக வந்தவை எல்லாம் ஒரே முடிபின. அவை இடையில் எங்கும் நில்லாது, 'உயிர்ப்பித்தல்' என்னும் ஒன்றையே கொண்டு முடிந்தன. இடையில் ஓர் எச்சம் விடுபடின் தொடர் முடியாதவாறு போல, ஒரு செயல் விடுபடின் தொழிலும் முடிந்ததாகாது என்பது ஆசிரியர் கருத்து. கற்போன் இதனை முதற்கண் மனங்கொண்டு மேற்செல்க.

கழற்றிய உறுப்பெலாம் கழற்றிய முறைவைத்து

கழற்றிய உறுப்பு எல்லாவற்றையும், கழற்றிய வரிசை கெடாதபடி வைத்து என்றவாறு. 'எலாம்' என்பது எல்லாம் என்பதன் இடைக்குறை. எஞ்சாமைப் பொருட்டு. பிஸ்டன், கிராங்க், ஹெட் என்னும் பேருறுப்புகளை யாவரும் பேணுவர். வாஷரும், வால்வின் இடைவெளியை ஒழுங்கு செய்யும் சிறு ஷிம் தகடும் தவறிப்போவன ஆதலின் அவற்றையும் அடக்குதற்கு 'எலாம்' என்றார்.

'முறைவைத்து' என்றதனால், ஒரு தட்டில் ஒருங்கே கொட்டி வைத்தல் விலக்கப்பட்டது. போல்ட்டுகள் நீளத்தால் வேறுபடும். நீண்டதைக் குறும்புழையில் இட்டு முறுக்கினால் அடி முட்டி அலுமினியம் பிளக்கும். குறியதை நெடும்புழையில் இட்டால் இரண்டு மூன்று மரைகளே பற்றி, அழுத்தம் வந்தவழி மரை உரியும். போல்ட்டை அதனதன் புழையிலேயே இரண்டு திருகு திருகி வைத்தலும், பெயரெழுதிய பையில் இடுதலும், கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்தலும் இக்காலத்து வழக்கு. இவை மூன்றும் 'முறை' என்பதனுள் அடங்கும்.

இடம்பெய ராதவற்று இலக்கம் பொறித்து

பெயராத என்றது, பெயர்த்தற்கு ஆகாத என்னும் பொருட்டு. இயல்பாகப் பெயராதவை என்று கொள்ளின், கழற்றியவை எல்லாம் பெயர்வனவே ஆகலின் பொருந்தாமை காண்க.

அவை யாவை எனின், மெயின் பேரிங் கேப், கனெக்டிங் ராடின் கேப், தத்தம் இணையுறுப்போடு ஓடித் தேய்ந்து இணங்கிய லிஃப்டர் முதலியன. நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சினில் பெரும்பாலும் மெயின் கேப் ஐந்து. அவை ஐந்தும் ஒரே வடிவின போலத் தோன்றும். ஆயினும் அவற்றைப் பிளாக்கில் முறுக்கி வைத்தே ஒரே ஓட்டமாகத் துளையைக் கடைந்தனர் ஆதலின், மூன்றாவதை நான்காவதன் இடத்தில் வைத்தாலும், முன்பின் திருப்பி வைத்தாலும், துளை வட்டம் கெட்டுக் கிராங்க் இறுகும். எஞ்சின் செய்தோர் கேப்பின்மேல் எண்ணும் அம்புக்குறியும் இடுவது இதுபற்றி.

'பொறித்து' என்பதற்குப் பஞ்ச் கொண்டு அடித்து என்று பொருள் கூறுவாரும் உளர். பிளாக்கின் கேப்புக்கு அது ஒருவாறு ஒக்கும். கனெக்டிங் ராடுக்கு ஒவ்வாது. ராடு இழுப்பும் அழுத்தமும் மாறிமாறித் தாங்குவது. அதன்மேல் அடித்த வடு விரிசலுக்கு வித்தாகும். ஆதலின் அழியா மை கொண்டு எழுதுதலையும் பொறித்தல் என்றே கொள்க.

தூசறத் துடைத்து வாயெலாம் மூடி

தூசு அற என்றது, குறைய என்றதன்று. 'அற' என்பது முற்றத் தீர்தலை உணர்த்தும். பிளாக்கினுள் எண்ணெய் ஓடும் துளைவழிகளின் அடைப்புத் திருகுகளைக் கழற்றி, நீண்ட பிரஷ் விட்டுச் சவர்க்கார நீரால் கழுவி, காற்றால் உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுதல் வேண்டும். கழுவிய இரும்பு நெடுநேரம் வறிதே இருப்பின் துருப் படரும்.

துடைத்தற்கு உரிய துணி யாதெனின், நூல் உதிராதது. நம் பட்டறைகளில் எங்கும் கிடக்கும் காட்டன் வேஸ்ட் கை துடைக்க நன்று. எஞ்சினின் அகத்திற்கு நஞ்சு. அதன் இழை ஒன்று எண்ணெய்த் துளையில் சென்று தங்கின், பேரிங்குக்கு எண்ணெய் குறையும்.

'வாயெலாம்' என்பது சிலிண்டரின் வாய், இன்டேக்கின் வாய், டர்போவின் வாய், ஹோஸின் இரு வாய் எனத் திறந்தவை எல்லாவற்றையும் குறித்தது. மூடுவது எதனால் எனின், பிளாஸ்டிக் மூடியால். துணி அடைத்தல் கூடாதோ எனின், துணி உள்ளே நழுவி மறக்கப்படும். மூடியோ வெளியே துருத்தி நின்று தன்னை நினைவூட்டும்.

இன்னும் ஒன்று. பேரிங் உருகி எஞ்சின் பாழான வண்டியில் பழைய ஆயில் கூலரையும் பழைய ஹோஸையும் கழுவி மீளப் பூட்டுதல் இவ்வடியால் விலக்கப்பட்டது. கூலரின் நுண்ணிய வழிகளிலும் ஹோஸின் அகத்திலும் தங்கிய உலோகத் துகளை முற்றத் துடைத்தல் இயலாது. தூசு அறாமையின் அவை துடைத்தனவாகா. புதியன வாங்குவதே வழி.

பொறிநிலை கொண்டபின் நூலிட் டளந்து

பொறி ஈண்டு எஞ்சின். நிலைகொள்ளலாவது, வண்டியில் தன் மவுண்ட்டுகளின்மேல் அமர்தல். 'பின்' என்னும் சொல்லே இவ்வடியின் உயிர். எஞ்சின் ஸ்டாண்டில் நிற்கும்போதே ஹோஸை அளந்து வெட்டுவோர் உளர். வண்டியில் இறங்கியபின் ஸ்டியரிங் கம்பியும் எக்ஸாஸ்ட் குழாயும் ரேடியேட்டர் விசிறியும் இடையே வந்து நிற்கும். அப்போது வெட்டிய ஹோஸ் எட்டாது. ஒட்டுப் போட இயலாதது பின்னற் குழாய். வாங்கிய காசு வீண்.

'நூல்' என்றது அளக்கும் கருவியெல்லாவற்றிற்கும் பொதுவாக நின்றது. உண்மையான நூல் எங்கும் மடங்கும், ஹோஸ் அவ்வாறு மடங்காது என மறுப்பார்க்கு, அதனை நோக்கியே அடுத்த அடியில் 'மடங்கலும்' என்றார் என விடுக்க. சற்று விறைத்த கம்பியோ, அதே பருமன் பழைய ஹோஸ் துண்டோ கொண்டு அளப்பது சிறப்பு.

மடங்கலும் அசைவும் மனங்கொண்டு மிகைவிட்டு

உம்மை இரண்டும் எண்ணும்மை. மடங்கல் என்றது, ஹோஸ் வளையும் வளைவின் எல்லையை. ஒவ்வோர் அளவிற்கும் செய்தோர் குறித்த குறைந்த வளைவு ஆரம் உண்டு. அதனினும் குறுக வளைத்தால் அகக்குழல் நசுங்கி ஓட்டம் தடைப்படும். டெஃப்லான் அகக்குழலாயின் மடிந்த இடத்தில் வடு நிலைத்துவிடும், நிமிர்த்தினும் தீராது. வளைவு குறுகும் இடங்களில் ஹோஸை வளையாது, 45, 90 பாகை வளைந்த ஃபிட்டிங்கை இடுதல் வேண்டும்.

அசைவு என்றது, ரப்பர் மவுண்ட்டின்மேல் அமர்ந்த எஞ்சின் ஆக்ஸிலரேட்டரை மிதிக்குந்தோறும் ஒருபால் சாய்தலை. எஞ்சினில் ஒருதலையும் உடலில் ஒருதலையும் பூட்டிய ஹோஸ் அச்சாய்வுக்கு இடங்கொடுத்தல் வேண்டும்.

'மிகை' யாது காரணத்தான் எனின், மேற்கூறிய இரண்டற்கும், அழுத்தத்தால் ஹோஸ் சுருங்குவதற்கும் ஆம். அழுத்தம் ஏறிய ஹோஸ் நீளத்தில் நூற்றுக்கு நான்கு வரை குறையக்கூடும் என்பது ஹோஸ் செய்வோர் கொள்ளும் கணக்கு. 500 மில்லிமீட்டர் நீளத்திற்கு அது 20 மில்லிமீட்டர். நேராக இழுத்துக் கட்டிய ஹோஸ் அச்சுருக்கத்தைத் தன் பொருத்தின்மேல் ஏற்றும். மிகை என்றதனால் அளவிறந்து தொங்கவிடுதல் பெறப்படாது. தொங்கும் ஹோஸ் பெல்ட்டில் சிக்கும்.

சுற்றிக் கட்டிச் செவ்விதின் அறுத்து

சுற்றிக் கட்டல், வெட்டும் இடத்தில் டேப்பை இறுகச் சுற்றுதல். எஃகு இழைகள் தம்முள் பின்னிய இறுக்கத்தால் நிற்பன. வெட்டியவுடன் அவ்விறுக்கம் நீங்கிச் சிலிர்த்து விரியும். டேப்பின் நடுவே வெட்டின் இருபுறமும் அடங்கி நிற்கும்.

'செவ்விதின்' என்பது இருபொருள் தரும். குழாயின் அச்சுக்குச் செங்குத்தாக என்பது ஒன்று. நன்றாக என்பது மற்றொன்று. சாய்ந்து வெட்டிய தலை, ஃபிட்டிங்கில் ஹோஸைப் புறத்தே பற்றும் பகுதியாகிய சாக்கெட்டினுள் ஒருபுறமே முட்டி, மறுபுறம் இடைவெளி விடும். அவ்விடைவெளியே பின்னர்க் கசிவாம்.

எதனால் அறுப்பது எனின், மெல்லிய கட்டிங் வீல் சிறந்தது. கூரிய உளியை வைத்துச் சம்மட்டியால் ஒரே அடி அடித்தலும் பழைய வழக்கு, நன்றே. ஹேக்ஸா இழைகளை ஒவ்வொன்றாகப் பற்றி இழுப்பதாதலின் கடைப்பட்டது. வேறு கருவி இல்லாதவிடத்து நுண்பல் பிளேடு இட்டு, இரண்டு சுற்று டேப் மிகுத்துச் சுற்றி, விரையாது அறுக்க. அறுக்குங்கால் கண்ணாடி அணிதல் வேண்டும் என்பது சொல்லாமலே பெறப்படும்.

துகளற ஊதிச் சிம்பகம் அடக்கி

முன்னர்த் 'தூசற' என்றவர் ஈண்டுத் 'துகளற' என்றது கூறியது கூறலோ எனின், அன்று. அது புறத்திருந்து வந்த தூசு. இது நாமே வெட்டி உண்டாக்கிய துகள். கட்டிங் வீலின் பொடியும் கருகிய ரப்பரும் இழைத்துண்டும் ஹோஸின் அகத்தே ஒட்டிக்கொண்டிருக்கும். இருதலையிலிருந்தும் மாறிமாறி ஊதி, கரைப்பான் ஓடவிட்டு, மீண்டும் ஊதுக. ஃபில்டருக்கும் பேரிங்குக்கும் இடையே செல்லும் ஹோஸாயின் இது சிறிதும் தளர்தற்கு இல்லை. அவ்விடத்துத் துகளைத் தடுப்பார் ஒருவரும் இல்லை.

சிம்பு, சிலிர்த்த இழை. 'அகம் அடக்கி' என்றது, சாக்கெட்டின் உள்ளே எல்லா இழையும் புகுமாறு செய்து என்றவாறு. ஹோஸின் தலையைச் சாக்கெட்டினுள் சற்றே திருகியபடி செலுத்த வேண்டும். ஓர் இழை வெளியே நின்றாலும் விரல்நகத்தின் அடியில் பாயும். அதன் நோவு பட்டார்க்கே தெரியும். எனினும் ஆசிரியர் கவலை விரலைப் பற்றியதன்று. வெளிநின்ற இழை பிடிப்பிற்குப் புறம்பாகலின் அது தாங்கவேண்டிய சுமை மற்றவற்றின்மேல் ஏறும் என்பதே.

இந்நூற்பா ரப்பர் அகக்குழல் ஹோஸை உட்கொண்டு கூறிற்றேனும், டெஃப்லான் அகக்குழல் ஹோஸுக்குச் சில வேறுபாடு உரையிற் கொள்க. அதற்குச் சாக்கெட்டை முன்னரே ஹோஸில் நுழைத்து வைத்தல் வேண்டும். பின் எஃகுப் பின்னலை அகக்குழலினின்றும் மெல்ல விரித்து, ஆலிவ் எனப்படும் சிறு வளையத்தைப் பின்னலின் அகத்தும் அகக்குழலின் புறத்துமாகச் செருகுக. அகக்குழலின் நுனி ஆலிவின் உள்விளிம்பில் முட்டி நிற்றல் வேண்டும். ஆலிவின் அடியில் ஓர் இழை அகப்பட்டாலும் அடைப்பு நில்லாது. ஒருமுறை நசுங்கிய ஆலிவை மீள வழங்கற்க.

டெஃப்லானை எவ்விடத்துக் கொள்வது எனின், எரிபொருட் குழாய்க்கு. டெஃப்லான் என்பது 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்பார் கண்டது. 260 பாகை செல்சியஸ் வரை தாங்குவது. பெட்ரோலும் எத்தனாலும் அதனை ஒன்றும் செய்யா. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்கப்படுகின்றமையின், பழைய ரப்பர் ஹோஸ் அதனால் தளர்தலும் வெடித்தலும் உண்டு. எனினும் டெஃப்லானுக்கு ஒரு குறை: மின்னூட்டத்தைக் கடத்தாது. எரிபொருள் விரைந்தோடும்போது அகத்தே தேங்கும் நிலைமின்னூட்டம் எஃகுப் பின்னலை நோக்கிப் பாய்ந்து ஊசித்துளை இடும். ஆதலின் எரிபொருளுக்குக் கார்பன் கலந்த கரிய அகக்குழலையே கொள்க, வெண்ணிறத்ததை ஒழிக்க.

குறியிட் டெண்ணெயிட்டு மரைமயங் காமல் குறிபெய ராமை கண்டனர் முறுக்கி

ஈரடியும் ஒருங்கு பொருள் கொள்ளப்படும். குறியிடல், சாக்கெட்டின் வாய் முடியும் இடத்தில் ஹோஸின்மேல் டேப் ஒட்டுதல். ஹோஸின் தலை சாக்கெட்டின் உள்மரை தொடங்குமிடத்திற்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே நிற்குமாறு செலுத்தியபின் குறியிடுக. எண்ணெய் இடல், சாக்கெட்டில் முறுக்கி ஹோஸின் அகத்தே செலுத்தும் நிப்பிளின் சரிந்த மூக்கிற்கும் மரைக்கும் ஹோஸின் அகத்திற்கும் ஆம். வறண்ட நிப்பிள் அகக்குழலைக் கிழித்து, அதன் சுருளைத் தன்முன்னே தள்ளிக்கொண்டு செல்லும். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தோன்றாது. உள்ளேயோ பாதி அடைப்பு.

மரை மயங்கலாவது, பட்டறையார் கிராஸ் திரெட் என்பது. இதனைத் தவிர்க்க, முதற்கண் முறுக்கும் திசைக்கு எதிராகத் திருப்பி, மரை மரையில் விழும் சிறு ஒலியோ தளர்வோ உணர்ந்தபின் முன்னோக்கித் திருப்புக. முதல் இரண்டு சுற்றுக் கையாலன்றி ஸ்பேனரால் செல்லற்க. ஃபிட்டிங் அலுமினியமாகலின் தன் மரையைத் தானே தின்றுவிடும். வைஸில் பிடிக்குங்கால் அலுமினியத் தாடை இட்டுப் பிடிக்க. சிவப்பும் நீலமுமாகிய அதன் பூச்சு அழகுக்கு மட்டும் ஆயதன்று, அலுமினியத்தின் மேற்புறத்தைக் காப்பதும் அதுவே.

'கண்டனர்' முற்றெச்சம்; கண்டு என்னும் பொருட்டு. முறுக்கியபின் காண்க என்னாது, 'கண்டனர் முறுக்கி' எனக் காண்டலை முற்கூறியது, முறுக்குந்தோறும் காண்டல் வேண்டும் என்பதற்கு. நிப்பிள் உட்செல்லுங்கால் ஹோஸைப் பின்னே தள்ளும். டேப் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகியதாயின் ஹோஸ் நழுவியது என அறிந்து, அனைத்தையும் கழற்றி மீளத் தொடங்குக. விலகிய ஹோஸும் முதற்கண் கசியாது. எண்ணெய் சூடேறி அழுத்தம் பெருகியவழியே பிடுங்கிக்கொண்டு போம். நிப்பிளின் அறுகோணத்திற்கும் சாக்கெட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிற்பது அமையும்.

கூம்பொடு கூம்பே அடைப்பெனத் தெளிந்து

இந்நூற்பாவின் தலையாய அடி இது. ஏகாரம் பிரிநிலை. கூம்பும் கூம்பும் பொருந்துமிடமே அடைப்பு. மரை அடைப்பன்று என மரையைப் பிரித்தது. மரையின் தொழில் இரு கூம்பையும் ஒன்றோடொன்று அழுத்தி இழுத்து நிறுத்தல் மட்டுமே.

இஃது அறியாதார் வீட்டுக் குழாய்க்குச் சுற்றுமாறு இம்மரைக்கும் டெஃப்லான் டேப் சுற்றுப. அது மூவகையால் தீது. அடைப்பிற்கு உதவாது, மரையை வழுக்கச் செய்து அளவுக்கு மீறி முறுக்க வைக்கும், அறுந்த துணுக்கு எண்ணெய் வழியில் சென்று துளை அடைக்கும். அற்றேல், எங்கும் டேப் கூடாதோ எனின், சரிந்த மரைக்கு அடைப்புப் பசை வேண்டும். அம்மரை தானே நெருங்கி அடைப்பது. எண்ணெய் அழுத்த சென்சார் முதலியவற்றில் அதனைக் காணலாம். ஓ-ரிங் இட்ட நேர்மரைக்கு ரப்பர் வளையமே அடைப்பு. ஆக, எம்மரைக்கு எது அடைப்பு எனத் தேர்தல் வேண்டும் என்றற்கே 'தெளிந்து' என்றார், 'அறிந்து' என்றிலர். அறிதலினும் தெளிதல் ஐயம் நீங்கியது.

இனி, எக்கூம்பொடு எக்கூம்பு எனின், 37 பாகைக் கூம்பொடு 37 பாகைக் கூம்பு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் வானூர்திகளுக்கென ஒருங்கே வகுத்த முறை இது. அவ்விரு படையின் முதலெழுத்தால் ஏ.என். எனப்படும். போர் முடிந்தபின் பந்தய வண்டிகளுக்கு இறங்கிற்று. அளவு, அங்குலத்தைப் பதினாறாகப் பகுத்த எண்ணால் குறிக்கப்படும். 6 என்பது பதினாறில் ஆறு, 9.5 மில்லிமீட்டர் புறவிட்டமுள்ள உலோகக் குழாய்க்கு ஏற்றது. 8 என்பது அரை அங்குலம், 10 என்பது எட்டில் ஐந்து அங்குலம். எரிபொருளுக்கு 6உம், எண்ணெய்க்கு 8, 10, 12உம் பெரும்பான்மை.

ஈண்டு ஒரு பெருமயக்கம் உண்டு. வண்டிகளில் பழைய செம்புக் குழாய்ப் பொருத்துகள் சில 45 பாகைக் கூம்பின. 4, 8, 10 என்னும் அளவுகளில் அவற்றின் மரையும் ஏ.என். மரையும் ஒன்றே. ஆதலின் நட்டு இனிதே ஏறும்; கைக்கும் கண்ணுக்கும் பொருந்தியதாகத் தோன்றும். கூம்போ எட்டுப் பாகை வேறுபடுதலின் ஒரு கோட்டளவே தொட்டு நிற்கும். கசியும்; முறுக்குவர்; மேலும் கசியும்; மேலும் முறுக்குவர்; முடிவில் அலுமினியக் கூம்பு நசுங்கும். ஆசிரியர் 'மரையொடு மரை' என்னாது 'கூம்பொடு கூம்பு' என்றதன் நுட்பம் இதனால் விளங்கும்.

வலிந்து முறுக்கல் அடைப்பைத் தாராது. கையால் இறுகியபின் ஸ்பேனரால் நட்டின் ஒரு பட்டை அளவு, அஃதாவது சுற்றில் ஆறிலொரு பங்கு ஏறக்குறையத் திருப்பின் அமையும். ஃபிட்டிங் செய்தோர் டார்க் எண் கொடுத்திருப்பின் அதுவே கொள்ளத்தக்கது.

தேயாது தீயாது திரியாது யாத்து

மூன்றும் எதிர்மறை வினையெச்சம். யாத்தல், கட்டுதல்.

தேயாது என்றதற்கு, ஹோஸ் தேயாது எனப் பொருள் கொள்ளின் பாதியே கொண்டதாகும். எஃகுப் பின்னல் அரம் போல்வது. அது தான் தேய்தலினும் தன்னைத் தொட்டதைத் தேய்க்கும். எஞ்சின் நடுங்கும் நடுக்கத்தில் பெயின்ட்டை அறுத்து, அலுமினிய உறையில் பள்ளம் தோண்டி, ஒயரின் மேலுறையைக் கிழித்து வெறுங்கம்பியைத் தொடும். எரிபொருள் ஹோஸின் பின்னல் பேட்டரி ஒயரைத் தொட்டால் நிகழ்வது விளம்ப வேண்டுவதின்று. ஆதலின் ரப்பர் பூண்ட பி-கிளிப் கொண்டு பிணிக்க. தகட்டின் துளைவழிச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இடுக. பிளாஸ்டிக் டை கட்டுவோர் பலர். எஞ்சினின் வெம்மையில் அது நாளடைவில் பொரிந்து அறும்.

தீயாது என்பது எக்ஸாஸ்ட்டுக்கு விலகி என்றவாறு. விலக இடமில்லாவழித் தீக்காப்பு உறை இடுக.

திரியாது என்பது முறுக்குண்ணாது. ஹோஸ் வளைதலைப் பொறுக்கும்; முறுக்குதலைப் பொறாது. முறுக்குண்ட ஹோஸ் அழுத்தம் ஏறுந்தோறும் நிமிர முயன்று நட்டைத் தளர்த்தும். பின்னலின்மேல் நெடுகிலும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துக்கொண்டால் முறுக்கு உடனே தெரியும். இறுதி முறுக்கில் ஒரு ஸ்பேனர் ஹோஸின் சாக்கெட்டை நிறுத்தவும் மற்றொன்று நட்டைத் திருப்பவும் வேண்டும்.

நிறைத்து நோக்கி

நீர் நிறைத்து, ஒருதலை மூடி, மறுதலையில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிக் கசிவு நோக்கி என்றவாறு. நீர் என்பது அவாய்நிலையான் வந்தது. காற்றால் சோதிப்பது எளிதன்றோ எனின், அழுத்திய காற்று ஆற்றலைத் தன்னுள் தேக்கும். பொருத்துப் பிடுங்கினால் ஃபிட்டிங் குண்டாகப் பாயும். நீர் அவ்வாறு தேக்காது. வண்டியில் வரும் அழுத்தத்தின் இருமடங்கு ஏற்றுக. எண்ணெய் 5 பார் ஓடுவதாயின் 10 பார். பின் உலர்த்திப் பூட்டுக. யாத்தலின் பின்னர் ஓதப்பட்டதேனும் இது பூட்டுமுன் செய்வதே.

பிரேக் ஹோஸ் இந்நூற்பாவின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதன் அழுத்தம் 100 பாருக்கும் மேற்செல்லும். அதனைத் தன் கையால் ஆக்கற்க. எந்திரத்தால் அழுத்திச் சோதித்து விற்பதையே வாங்குக.

நெய்முன் ஏற்றி உயிர்ப்பித் தல்லே ஒழுக்கென மொழிப

நெய் ஈண்டு எஞ்சின் ஆயில். ஃபில்டரும் கூலரும் புதிய ஹோஸ்களும் உள்ளே வெறுமையாக இருப்பன. அவை நிறையும்வரை பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது. ஆதலின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, ஸ்டார்ட்டரை இடைவிட்டு இடைவிட்டுச் சுழற்றி, அழுத்தமானியின் முள் எழக் கண்ட பின்னரே பிளக் இடுக. 'முன்' என்பது காலமுன்.

'உயிர்ப்பித்தல்லே' என்புழி லகரம் செய்யுள் நோக்கி விரிந்தது, ஏகாரம் தேற்றம். மொழிப என்பதற்கு எழுவாய் வல்லோர் என வருவிக்க. பந்தயத் தடத்தில் ஒரு வண்டி சிந்திய எண்ணெய் பின்வரும் வண்டியைச் சறுக்கித் தள்ளும். இதுபற்றியே செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை போன்ற தடங்களில் வண்டி இறக்குவோர் இவ்வொழுக்கத்தைத் தமக்கென மட்டும் கொண்டாரல்லர். தெருவில் ஓடும் வண்டிக்கும் இதுவே.

இந்நூற்பா கூறாது விட்டதாய், ஒழுக்கத்தின்பாற் படுவதாய் ஒன்று உண்டு. எஞ்சின் முதன்முறை சூடேறி முற்ற ஆறியபின், ஒவ்வொரு பொருத்தையும் வெண்டுணியால் துடைத்துக் கறை உண்டோ எனப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் முறுக்குக. ரப்பர் அகக்குழல் ஹோஸ் ஆண்டுகளால் இறுகி வெடிப்பது. மேலே பின்னல் பளபளப்பாக நிற்றலின் உள்ளே அழிந்தது தெரியாது. பூட்டிய ஆண்டையும் மாதத்தையும் ஹோஸின்மேல் சிறு சீட்டில் எழுதி ஒட்டி வைக்க.